பூட்டுதான் போட்டிருக்கே, அப்புறம் எப்படி? கெர்னல் ரேஸ் கண்டிஷன், ஆரம்பத்திலிருந்து

"அக்கா, பூட்டுதான் போட்டிருக்காங்களே, அப்புறம் எப்படி ரெண்டு பேரு ஒரே நேரத்துல பஃபர்ல கை வச்சாங்க?" என்று என் சித்தி பையன் கேட்டான். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான், லீவுக்கு மன்னார்குடி பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தான். நான் அப்போது ஒரு லினக்ஸ் டிரைவரில், அதாவது கெர்னலுக்குள் இருந்து ஒரு சாதனத்தை இயக்குகிற புரோகிராமில், ஒன்பது நாளாக ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். பஃபர் என்பது அதில் டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கிற இடம். அவன் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. ரேஸ் கண்டிஷன் என்றாலே பூட்டு போட மறந்ததால் வருவது என்றுதான் முதலில் படிக்கிறோம், ஆனால் கெர்னலுக்குள் மாட்டுகிற ரேஸ்களில் நிறைய, பூட்டு போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சி மொழி லேசாகத் தெரிந்தால் போதும், கெர்னல் எழுதிய பழக்கம் எதுவும் வேண்டாம்.

கெர்னல் என்பது மெமரி, டிஸ்க், நெட்வொர்க், சென்சார் எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொண்டு மற்ற புரோகிராம்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற புரோகிராம். மேட்டூரிலிருந்து வருகிற தண்ணீரை கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண ஆப் தப்பு செய்தால் அந்த ஆப் மட்டும் விழும், கெர்னல் பிடித்துக்கொள்ளும். கெர்னலே தப்பு செய்தால் பிடிக்க மேலே ஆள் கிடையாது, தலைப்பில் நடந்த தப்பு கடைமடை வரைக்கும் போகும்.

இப்போது ரேஸ் என்றால் என்ன என்பதற்கு வருவோம். அறுவடை நேரத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் இரண்டு தராசில் எடை போடுகிறார்கள், மூட்டைக்கு 40 கிலோ, ஆனால் மொத்த மூட்டைக் கணக்கை ஒரே ஒரு கரும்பலகையில் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை முடிந்ததும் எடை போட்டவர் பலகையைப் பார்க்கிறார், 120 என்று இருக்கிறது, மனசில் ஒன்று கூட்டுகிறார், அழித்துவிட்டு 121 என்று எழுதுகிறார். அவர் மனசில் கூட்டிக்கொண்டிருக்கிற அந்த நொடியில் அடுத்த தராசுக்காரரும் வந்து பலகையைப் பார்த்துவிட்டால், அவர் கண்ணிலும் 120தான் படும், அவரும் 121 என்றுதான் எழுதுவார். களத்தில் இரண்டு மூட்டை இறங்கியிருக்கிறது, பலகையில் ஒன்றுதான் ஏறியிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேர் செய்ததும் சரி. சேர்ந்து நடந்த விதத்தில்தான் ஒரு மூட்டை காணாமல் போனது.

சி மொழியில் 'எண்ணிக்கையில் ஒன்று கூட்டு' என்று நாம் எழுதுகிற ஒரே வரியும் ப்ராசஸருக்கு இதே மூன்று வேலைதான்: மெமரியிலிருந்து எடு, கூட்டு, திரும்ப மெமரியில் வை. சில ப்ராசஸர்களில் இது ஒரே கட்டளையாகத் தெரிந்தாலும் தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் உள்ளே மூன்றாகத்தான் நடக்கும். இந்த மூன்றுக்கும் நடுவில் இன்னொரு கோர் (ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்கிற பகுதி) அதே இடத்தில் கை வைத்தால் மூட்டை காணாமல் போகும். ஒரே கோர் இருந்தாலும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் நடுவில் இன்டரப்ட் வரலாம், அதாவது சென்சாரோ நெட்வொர்க் கார்டோ "என்னைக் கொஞ்சம் பார்" என்று கூப்பிட, ப்ராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அந்த வேலைக்குப் போய்விடும். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்றால் அதுதான் ரேஸ் கண்டிஷன்.

இதைத் தடுக்கத்தான் பூட்டு. பலகைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சாக்பீஸ்தான் இருக்கிறது, அது கையில் இருப்பவர் மட்டும்தான் பலகையைப் பார்க்கவே செய்யலாம் என்று விதி வைத்துவிட்டால் பிரச்சனை தீர்ந்தது. 'எழுதலாம்' என்று சொல்லவில்லை, 'பார்க்கவே' என்று சொன்னேன், அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பது நாள் என்னைப் படுத்தியது அந்த ஒரு வார்த்தைதான்.

லினக்ஸில் பூட்டு பல வகை உண்டு, நமக்கு இரண்டு போதும். மியூடெக்ஸ் என்பது, பூட்டு கிடைக்கவில்லை என்றால் "போய்ப் படுத்துக்கோ, காலியானதும் எழுப்புகிறேன்" என்று சொல்கிற வகை. ஸ்பின்லாக் என்பது, கிடைக்கும்வரை வாசலிலேயே நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிற வகை. நிற்பது வீண் மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருப்பவருக்கு ஒரு மைக்ரோ நொடி வேலைதான் என்றால், படுத்து எழுந்து வருவதற்கு ஆகிற நேரத்தைவிட நிற்பதே மேல். அதோடு இன்டரப்டுக்குப் பதில் சொல்கிற ஹேண்ட்லருக்குத் தூங்க அனுமதியே கிடையாது, அதனால் அது தொடுகிற டேட்டாவுக்கு ஸ்பின்லாக்தான் வழி. முன்பெல்லாம் லினக்ஸ் ஸ்பின்லாக்கில் வரிசை கிடையாது, முண்டியடித்து யார் பிடித்தாரோ அவருக்கு. 2008ல் 2.6.25 பதிப்பில்தான் எக்ஸ்86 மெஷின்களுக்கு டோக்கன் முறை வந்தது, வந்தவருக்கு ஒரு எண், எண் வரும்போது உள்ளே போகலாம். கொள்முதல் நிலையத்தில் டோக்கன் இல்லாத நாளில் டிராக்டர்கள் எப்படி நிற்கும் என்று பார்த்தவர்களுக்கு அந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

பூட்டைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும், இதைப் பாடத்தில் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். பூட்டுக்கும் அது காக்கிற டேட்டாவுக்கும் மெஷினைப் பொறுத்தவரை எந்தச் சம்பந்தமும் இல்லை. பூட்டு ஒரு பக்கம் ஒரு எண், டேட்டா இன்னொரு பக்கம் ஒரு எண். இந்தப் பூட்டை எடுத்த பிறகுதான் அந்த டேட்டாவைத் தொடுவோம் என்பது கோடு எழுதுகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட பேச்சு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் இப்படித்தானே. இன்று ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை உங்கள் முறை என்று ஊரில் பேசி வைத்திருப்பது மடைக்குத் தெரியாது, யார் வந்து மண்ணை வெட்டினாலும் அது திறந்துகொள்ளும். ஒருத்தர் அந்தப் பேச்சை மீறினாலோ, பேச்சு நடந்ததே தெரியாமல் வந்து வெட்டினாலோ, மற்ற எல்லாரும் ஒழுங்காக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

லினக்ஸே இதில் பட்டிருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் ஆரம்பித்தபோது ஒரு மெஷினுக்கு ஒரு ப்ராசஸர் என்பதுதான் வழக்கம். 1996ல் 2.0 பதிப்பில் பல ப்ராசஸர்களுக்கு இடம் கொடுத்தபோது மொத்த கெர்னலுக்கும் ஒரே ஒரு பெரிய பூட்டு போட்டார்கள், பெயரே பிக் கெர்னல் லாக். ஊருக்கே ஒரு மடைச் சாவி. சண்டை வராது, ஆனால் ஒருவர் பாய்ச்சி முடிக்கும்வரை மற்றவர் வயல் காயும். கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் பூட்டுகளாகப் பிரித்து, அந்தப் பெரிய பூட்டை முழுசாக நீக்கி முடித்தது 2011ல், 2.6.39 பதிப்பில். பதினைந்து வருஷம். பூட்டை நீக்குவது ஒரு வரி வேலைதான், ஆனால் இந்த இடத்தில் அது எந்த டேட்டாவைக் காத்துக்கொண்டிருந்தது என்று ஒவ்வொரு இடமாகத் தோண்டிப் பார்த்தால்தான் நீக்க முடியும்.

சரி, என் டிரைவருக்கு வருகிறேன். வாய்க்காலில் தண்ணீர் மட்டம் பார்க்கிற சென்சார், நாலு கோர் உள்ள சின்ன ஏஆர்எம் போர்டு. அளவு வரும்போதெல்லாம் இன்டரப்ட் அடிக்கும், ஹேண்ட்லர் அதை 64 இடம் உள்ள ஒரு ரிங் பஃபரில் (கடைசி இடம் முடிந்ததும் முதல் இடத்துக்கே திரும்புகிற பஃபர்) வைத்து எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். எடுத்து சர்வருக்கு அனுப்புகிற புரோகிராம் இரண்டு பிரதியாக ஓடும், ஒன்று நெட்வொர்க்கில் சிக்கி நின்றால் இன்னொன்று வேலையைப் பார்க்கட்டும் என்பதற்காக. இரண்டும் நொடிக்கு ஒருமுறை வந்து, பஃபர் காலியாகும்வரை எடுத்துக்கொண்டே போகும். எங்கள் வீட்டுக் கொல்லையில் உள்ள சிமெண்ட் தொட்டிக்கு மேலே சென்சாரைக் கட்டி ஓடவிட்டிருந்தேன்.

இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடும். அப்புறம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் போர்டு கை வைக்க முடியாத சூடு, எஸ்டி கார்டு நிரம்பி வழிகிறது, தொட்டித் தண்ணீரை அம்மா அரை மணி நேரம் முன்னால் திறந்து விட்டிருந்தும் போர்டு மட்டும் முந்தின சாயங்கால அளவையே 42, 42, 41, 42 என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில் பிரிண்ட் வரிகள் போட்டேன், பிழை வருவதே நின்றுபோனது. பிரிண்ட் செய்ய ஆகும் நேரத்தால் ஓட்டத்தின் தாளம் மாறிவிடுகிறது, மோத வேண்டிய இருவரும் மோதாமல் போய்விடுகிறார்கள். பிரிண்ட் போட்டால் மறைகிற பிழை என்றால் முதலில் ரேஸைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

படிக்கிற பக்கத்துக் கோடு இப்படி இருந்தது, தமிழில் எழுதுகிறேன்:

எண்ணிக்கை பூஜ்யமா என்று பார், பூஜ்யம் என்றால் திரும்பிப் போ.
பூட்டை எடு.
பஃபரிலிருந்து ஒரு அளவை எடு.
எண்ணிக்கையில் ஒன்று கழி.
பூட்டை விடு.

சித்தி பையன் இதைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். எடுப்பதும் கழிப்பதும் பூட்டுக்குள் இருக்கிறது, நிஜம்தான். ஆனால் முதல் வரி பூட்டுக்கு வெளியே இருக்கிறது. பஃபரில் ஒரே ஒரு அளவு மிச்சம் இருக்கிற சமயம், ஒன்றாம் கோரில் ஓடுகிற பிரதி பார்க்கிறது, எண்ணிக்கை 1, சரி இருக்கிறது. அதே நேரத்தில் மூன்றாம் கோரில் ஓடுகிற பிரதியும் பார்க்கிறது, அதற்கும் 1. முதல் பிரதி பூட்டை எடுத்து, அளவை எடுத்து, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, பூட்டை விடுகிறது. இரண்டாவது பிரதி வாசலில் ஒழுங்காகக் காத்திருந்து, முறைப்படி பூட்டை வாங்கி உள்ளே வந்து, இல்லாத அளவை எடுக்கிறது, பூஜ்யத்திலிருந்து ஒன்று கழிக்கிறது.

அந்த எண்ணிக்கை குறி இல்லாத 32 பிட் எண். பூஜ்யத்தில் ஒன்று கழித்தால் மைனஸ் ஒன்று வராது, சுற்றிக்கொண்டு 4294967295 வரும். அதாவது பஃபரில் 429 கோடி அளவு காத்திருப்பதாக டிரைவர் நம்புகிறது. காலியாகும்வரை எடு என்று ஓடுகிற புரோகிராம் அந்தப் பழைய 64 இடங்களையே சுற்றிச் சுற்றி எடுத்து எழுதிக்கொண்டே போகும், போர்டு சூடானது அதனால்தான். இந்தப் பக்கம் ஹேண்ட்லரில், எண்ணிக்கை 64ஐத் தொட்டுவிட்டால் இடம் இல்லை, புது அளவை விட்டுவிடு என்று ஒரு வரி. 429 கோடி 64ஐவிடப் பெரிசுதானே, அதனால் தொட்டி காலியானதைச் சொல்ல வந்த புது அளவுகள் எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. ஒரே ஒரு தப்பான கழித்தல், இவ்வளவும் அதன் வேலை.

அப்பா ராத்திரி டார்ச் அடித்து மடை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுப்பார், காலையில் போனால் நாற்றங்கால் முழுகிக் கிடக்கும். அவர் பார்த்தபோது மடை அடைத்துத்தான் இருந்தது. பார்த்ததற்கும் விடிந்ததற்கும் நடுவில் யாரோ திறந்துவிட்டார்கள். கெர்னலில் அந்த இடைவெளி ராத்திரி முழுவதும் இல்லை, சில நூறு நானோ நொடிதான், அதனால்தான் மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிறது, ஆனால் நிச்சயமாக வருகிறது.

அவன் உடனே, "அப்ப எண்ணிக்கையை அட்டாமிக் ஆக்கிட்டா போதும்ல?" என்றான். நிறைய பேர் இங்கேதான் வழுக்குவார்கள். அட்டாமிக் என்றால் கூட்டுவது, கழிப்பது, பார்ப்பது ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுவில் உடையாமல் நடக்கும், கரும்பலகைப் பிரச்சனை தீரும். ஆனால் நம் பிழை ஒரு செயலுக்குள்ளே இல்லை, பார்ப்பது என்ற செயலுக்கும் எடுப்பது என்ற செயலுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பிரதியும் அட்டாமிக்காக 1 என்று பார்க்கும், இரண்டும் அட்டாமிக்காகக் கழிக்கும், 429 கோடி அப்படியே வரும்.

சரி செய்வதற்கு முன்னால் பிழையைக் கூப்பிட்ட நேரத்தில் வரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும், மூன்று நாள் வரவில்லை என்பது சாட்சி ஆகாது. முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் வேண்டுமென்றே சில மில்லி நொடி சும்மா நிற்கவைத்தேன். இடைவெளி பெரிசானால் மோதுகிற வாய்ப்பும் பெரிசாகும். இரண்டு பிரதிக்குப் பதில் எட்டு ஓடவிட்டேன். மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தது ஒரு நிமிஷத்துக்குள் வந்தது. கெர்னலிலேயே 2020ல், 5.8 பதிப்பில், கேசிசான் என்று ஒரு கருவி சேர்ந்தது, அது செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்: ஒரு கோர் மெமரியில் ஒரு இடத்தைத் தொடும்போது அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, அதற்குள் வேறு யாராவது அதே இடத்தைத் தொடுகிறார்களா என்று கவனித்துச் சொல்லும்.

இப்போது சரி செய்வது. முதல் வரியைப் பூட்டுக்குள் கொண்டுவந்தேன், பார்ப்பதும் எடுப்பதும் கழிப்பதும் ஒரே பிடியில். இது ஒரு நிமிஷ வேலை. அப்புறம் ஹேண்ட்லரைத் திறந்து பார்த்தால் அங்கே பூட்டே இல்லை. இன்டரப்ட் சின்ன வேலை, யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்று முன்னால் எழுதியவர் நினைத்திருக்கலாம், ஒரு கோர் என்றால் பாதி உண்மை, நாலு கோரில் அப்படி இல்லை. ஹேண்ட்லர் ஒரு கோரில் கூட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கோரில் படிப்பவர் கழித்துக்கொண்டிருப்பார், கொள்முதல் நிலையத்துக் கரும்பலகை அப்படியே. அதனால் ஹேண்ட்லரிலும் அதே பூட்டைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் போர்டு முழுசாக உறைந்து போனது, கீபோர்டு இல்லை, நெட்வொர்க் இல்லை, எதுவுமில்லை.

காரணம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். படிக்கிற புரோகிராம் ஒன்றாம் கோரில் பூட்டை எடுத்து உள்ளே இருக்கிறது. அந்த நொடியில் அதே ஒன்றாம் கோருக்கு இன்டரப்ட் வருகிறது. கோர் படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு ஹேண்ட்லருக்குத் தாவுகிறது. ஹேண்ட்லர் பூட்டைக் கேட்கிறது, பூட்டு எடுபட்டிருக்கிறது, ஸ்பின்லாக் என்பதால் நின்று சுற்றுகிறது. பூட்டு வைத்திருப்பவர் விட்டால்தான் இது நகரும், ஆனால் பூட்டு வைத்திருப்பவர் இதே கோரில், இதற்குக் கீழே, இது முடிவதற்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறார். இனி ரெண்டும் நகராது. அதனால் படிக்கிற பக்கம் பூட்டை எடுக்கும்போதே இந்தக் கோரில் இன்டரப்டையும் நிறுத்தி வைத்து, விடும்போது பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். அதற்கென்றே ஸ்பின்லாக்கில் ஐஆர்க்யூசேவ் என்ற வகை இருக்கிறது. வேறு கோரில் இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும், அதில் கெடுதல் இல்லை.

இதை லாக்டெப் முன்கூட்டியே சொல்லியிருக்கும். இங்கோ மோல்னார் எழுதி 2006ல் 2.6.18ல் சேர்ந்த கருவி. எந்தப் பூட்டை எந்தச் சூழ்நிலையில் எடுத்தீர்கள் என்று குறித்துக்கொண்டே வரும், இன்டரப்டுக்குள்ளும் எடுக்கிறீர்கள், இன்டரப்ட் திறந்திருக்கும்போதும் எடுக்கிறீர்கள், என்றைக்காவது உறைவீர்கள் என்று, உறைவதற்கு முன்னாலேயே எச்சரிக்கை எழுதிவிடும். கெர்னல் கோடு எழுதப் பழகுகிறவர்கள் முதல் நாளிலேயே அதை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டம் மெதுவானாலும் பரவாயில்லை.

அதை இயக்கியதும் இன்னொன்றும் வெளியே வந்தது. எடுத்த அளவைப் புரோகிராமின் மெமரிக்குக் காப்பி செய்வதும் பூட்டுக்குள்ளேயே இருந்தது. புரோகிராமின் மெமரிப் பக்கம் அந்த நேரத்தில் ரேமில் இல்லாமல் போகலாம், அதைக் கொண்டுவர கெர்னல் தூங்கிக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது, வெளியே மற்ற கோர்கள் நின்றுகொண்டே சுற்றுகின்றன. பூட்டுக்குள் அளவை ஒரு உள்ளூர் மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, பூட்டை விட்டுவிட்டு, அப்புறம் நிதானமாகக் காப்பி செய்தால் போதும். அது நம் தனிச் சொத்து, வேறு யாருக்கும் தெரியாது, அதற்குப் பூட்டு வேண்டாம்.

நொடிக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கிற வழக்கத்தையும் அப்போதே மாற்றினேன், அளவு இல்லை என்றால் தூங்கு, வந்ததும் ஹேண்ட்லர் எழுப்பும். இதிலும் பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் அதே சந்து இருக்கிறது. காலி என்று பார்த்துவிட்டு, தூங்கப் போவதற்கு முந்தின நொடியில் அளவு வந்துவிட்டால், ஹேண்ட்லர் எழுப்ப வரும், தூங்குபவர் யாரும் இல்லை, போய்விடும். இவர் அதன் பிறகு தூங்குவார், எழுப்ப ஆள் இல்லை. இதற்கு கெர்னலில் உள்ள வெயிட் க்யூ செய்கிற வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: முதலில் தூங்குகிறவர்கள் பட்டியலில் பெயரை எழுதிவிட்டு, அதன் பிறகு ஒருமுறை திரும்பப் பார்க்கும், அப்போதும் காலி என்றால்தான் தூங்கும். பெயர் எழுதிய பிறகு எந்த நொடியில் அளவு வந்தாலும் எழுப்பல் வந்து சேரும். எழுந்தவர் பூட்டை எடுத்து மறுபடி பார்க்க வேண்டும், இவருக்கு முன்னால் எழுந்தவர் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் திரும்பத் தூங்க வேண்டியதுதான்.

டிரைவரில் அமைப்புகளுக்கென்று இன்னொரு பூட்டும் இருந்தது, இரண்டு பூட்டு சேரும்போது வருகிற சிக்கலை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒருத்தரிடம் ஆயில் இன்ஜின் இருக்கிறது, ஓஸுக்காகக் காத்திருக்கிறார், இன்னொருத்தரிடம் ஓஸ் இருக்கிறது, இன்ஜினுக்காகக் காத்திருக்கிறார், இரண்டு வயலும் காயும். எல்லாரும் முதலில் இன்ஜின், அப்புறம்தான் ஓஸ் என்று ஒரே வரிசையில் எடுத்தால் இந்தக் கட்டு விழாது.

பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் உள்ள இந்தச் சந்து சின்ன டிரைவர்களில் மட்டும் இருப்பது இல்லை. 2016 அக்டோபரில் வெளியே தெரிந்த டர்ட்டி கவ் என்ற ஓட்டை லினக்ஸின் மெமரிப் பகுதியிலேயே இருந்தது, 2007ல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து. படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலைத் தனக்கென்று மெமரியில் ஏற்றி வைத்து ஒருவர் அதில் எழுத முயன்றால் கெர்னல் அவருக்கென்று தனிப் பிரதி எடுத்துக் கொடுத்து, அதில் எழுதவிடும். பிரதி எடுத்தாயிற்று, இனி எழுதலாம் என்று முடிவு செய்ததற்கும் எழுதியதற்கும் நடுவில், இன்னொரு த்ரெட் (அதே புரோகிராமின் இன்னொரு ஓட்டம்) அந்தப் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டால், எழுத்து அசல் ஃபைலிலேயே போய் விழுந்தது. சாதாரண யூசர் ரூட், அதாவது எல்லா அனுமதியும் உள்ள யூசர், ஆகிவிடலாம், ஆண்ட்ராய்டு போன்களும் தப்பவில்லை. சரி செய்த லினஸ், இதே பிழையைப் பதினோரு வருஷம் முன்பு தானே ஒருமுறை சரி செய்யப் பார்த்து, அது நிற்கவில்லை என்று அந்த மாற்றக் குறிப்பிலேயே எழுதி வைத்தார். அவ்வளவு பேர் பார்க்கிற கோடில், அவ்வளவு வருஷம். அதனால் உங்கள் கோடில் இப்படி ஒன்று வந்தால் மனசு விட வேண்டாம், ஆனால் ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் கடந்து போகவும் வேண்டாம்.

மாற்றம் எல்லாம் முடிந்ததும் மாற்றக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். கெர்னல் ஆட்கள் இதில் ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தி, இடது பக்கம் ஒரு கோர் செய்வது, வலது பக்கம் இன்னொரு கோர் செய்வது, மேலிருந்து கீழாக நேரம். சித்தி பையனிடம் பேப்பரைக் கொடுத்து, எண்ணிக்கையைத் தொடுகிற எல்லா இடத்தையும் கோடில் தேடி, இந்தப் பத்திகளில் எழுது என்றேன். படிக்கிற பக்கம், ஹேண்ட்லர் என்று இரண்டு எழுதினான். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதாக ஒரு பத்தி ஆரம்பித்தான்.

"அக்கா, இந்த ரீசெட் கட்டளை வந்தா எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குறாங்களே, இங்க பூட்டு எங்க?"

போய்ப் பார்த்தேன். இல்லை. படிப்பவர் 1 என்று பார்த்துவிட்டு அளவை எடுக்கும்போது ரீசெட் வந்து பூஜ்யமாக்கினால், அடுத்த கழித்தலில் மறுபடியும் 4294967295. பார்ப்பவர் பூட்டுக்குள் இருந்தும் பயனில்லை, ரீசெட் பூட்டைக் கேட்காமலே வருகிறது. அவனையே அந்த வரியை ஐஆர்க்யூசேவுக்குள் கொண்டுவரச் சொன்னேன், எட்டுப் பிரதியோடு நொடிக்கு நூறு ரீசெட் அனுப்புகிற ஒரு ஸ்கிரிப்டையும் சேர்த்து எழுதி ராத்திரி ஓடவிட்டோம். காலையில் அம்மா தொட்டியைத் திறந்து விட்டபோது இரண்டு பேரும் கொல்லையில்தான் நின்றோம், திரையில் அளவு 38, 35, 31 என்று இறங்கிக்கொண்டே வந்தது, போர்டு கையில் சில்லென்று இருந்தது.